‘டி ப்ளையர்ன ட்ஸைட்’ என்ற ஜெர்மன் படத்தின் தலைப்பில் வரும் ஈயம் எதைக் குறிக்கிறது? துப்பாக்கிக் குண்டையா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மார்கரெத்தே ஃபொன் ட்ரோட்டா இயக்கி, 1981இல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வென்ற இந்தப் படத்தின் தலைப்புக்கு ‘ஈயமாய்க் கனக்கும் காலம்’ என்று பொருள். ஜெர்மன் கவிஞர் ஹோல்டர்லினின் கவிதையிலிருந்து எடுத்த சொல். இயக்குநர் சொல்லவந்தது 1970களின் குண்டுகளை அல்ல, 1950களின் மௌனத்தை. நாஜிக் காலத்தைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்காத பாரம் அது.

பாதிரியாரின் மகள்கள் இருவர் அந்த மௌனத்தில் வளர்கிறார்கள். வதைமுகாம்கள் பற்றிய ஆவணப்படத்தைப் பார்த்துவிட்டு, தாங்க முடியாமல் எழுந்து வெளியே ஓடுகிறார்கள். எனக்குப் படத்தின் சாவியே அந்தக் காட்சிதான். அப்புறம் யூலியானே பெண்ணியப் பத்திரிகையில் எழுதுகிறாள், மரியானே ஆயுதம் எடுக்கிறாள். சின்ன வயதில் அடங்காதவள் யூலியானே, அப்பாவின் செல்லம் மரியானே என்பதைக் கவனியுங்கள்!

கதைக்கு அடிப்படை, 1970களில் மேற்கு ஜெர்மனியில் இயங்கிய இடதுசாரி ஆயுதக் குழுவான செம்படைப் பிரிவின் குட்ரூன் என்ஸ்லினும் அவர் சகோதரி கிறிஸ்டியானேவும். குட்ரூன் 1977 அக்டோபரில் ஷ்டம்ஹைம் சிறையில் இறந்தார்.

மரியானேவை யூலியானே சிறையில் சந்திக்கும் காட்சிகளைப் பொறுமையாகப் பாருங்கள். ஒன்றில் அக்காவும் தங்கையும் மேலாடைகளை மாற்றிக்கொள்கிறார்கள். கடைசிச் சந்திப்பில் நடுவே கண்ணாடித் தடுப்பு. அதில் இருவர் முகமும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிகிறது. யூலியானேவாக நடித்த யூட்டா லாம்பேயின் கண்களை அங்கே என்னால் மறக்கவே முடியவில்லை.