22 லட்சம் வரியும் எக்செலும்

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் பால் கொள்முதல் செய்கிறோம். சுமார் 3,000 பேர் காலையும் மாலையும் பால் ஊற்றுகிறார்கள். சென்டர்களிலிருந்து தினமும் சிஎஸ்வி கோப்பு வருகிறது. ஒரு வருடத்துக் கணக்கைச் சேர்த்து எக்செலில் திறந்தால் பாதிதான் தெரிகிறது. எந்த சென்டரில் ஃபேட் (கொழுப்பு) இறங்குகிறது என்று நானே பார்க்க, பைத்தான் என்ற புரோகிராம் மொழி படித்தாக வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் கணக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 22 லட்சம் வரி (ரோ). எக்செல் ஷீட் 10,48,576 வரிதான் கொள்ளும். பாதி திறந்த கோப்பை அதே பெயரில் சேமித்தால் மீதி போயே போய்விடும், ஜாக்கிரதை.

கோப்புகளை ஒரே ஃபோல்டரில் போடுங்கள். டேட்டா மெனுவில் கெட் டேட்டா, ஃப்ரம் ஃபைல், ஃப்ரம் ஃபோல்டர் வழியாகச் சேர்த்துத் திறங்கள். கடைசியில் தானாகச் சேரும் 'சேஞ்ச்டு டைப்' படியை அழித்துவிடுங்கள். அதை விட்டால் 0047 என்ற உறுப்பினர் எண் 47 ஆகும். அமெரிக்க முறையில் அமைந்த கணினியில் ஜூன் 5 மே 6 ஆகும். உறுப்பினர் எண்ணை டெக்ஸ்ட் ஆக்குங்கள். தேதிக்கு 'யூசிங் லோகேல்' போய் இங்கிலீஷ் (இந்தியா) கொடுங்கள். லிட்டர், ஃபேட், எஸ்என்எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) மூன்றும் டெசிமல் நம்பர். பிறகு ஷீட்டில் இறக்காமல், 'ஒன்லி கிரியேட் கனெக்‌ஷன்' தேர்ந்து டேட்டா மாடலில் (ஷீட்டின் வரி எல்லை இதற்கு இல்லை) சேர்த்து, அதிலிருந்து பிவட் (தொகுப்பு அட்டவணை) போடுங்கள். 32 பிட் எக்செல் இந்த அளவுக்குத் திணறும். 64 பிட் நல்லது.

பலர் சறுக்குவது சராசரியில்தான். 2 லிட்டர் 6 ஃபேட், 10 லிட்டர் 3.5 ஃபேட் என்றால் பிவட் தரும் சராசரி 4.75. கேனில் இருப்பதோ 3.92. லிட்டரையும் ஃபேட்டையும் பெருக்கி ஒரு காலம் (நெடுவரிசை) சேர்த்து, அதன் கூட்டலை மொத்த லிட்டரால் வகுக்கும் மெஷர் (பிவட்டுக்கான ஃபார்முலா) எழுதுங்கள்.

கேள்வி: பால் கணக்குக்கு டேஷ்போர்டு (கணக்கைச் சுருக்கிக் காட்டும் திரை) செய்து தருபவரிடம் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்? (பாலக்கோடு வாசகர்)

பதில்: எந்த எண்ணைத் தொட்டாலும் அதன் பின்னாலுள்ள வரிகள் திறக்க வேண்டும். கலர் கிராஃபெல்லாம் அப்புறம். ஒரே நாளில் ஒரு சென்டரில் எல்லாருக்கும் எஸ்என்எஃப் இறங்கினால் முதல் சந்தேகம் பாலைச் சோதிக்கும் அனலைசர் மேல். ஒருவருக்கு மட்டும் என்றால் தண்ணீர். இது உங்களுக்குத் தெரியும், புரோகிராமருக்குத் தெரியாது. எனவே வரம்புகளை நீங்களே மாற்றும்படி இருக்கட்டும். புள்ளி விட்டுப்போய் 4.2 என்பது 42 ஆன வரிகளைச் சத்தமில்லாமல் நீக்கிவிடாமல், தனிப் பட்டியலாகக் காட்டச் சொல்லுங்கள். ஒரு சென்டரின் 10 நாள் பில்லோடு பைசா சுத்தமாக ஒத்துப்போன பிறகு பணம் கொடுங்கள்.