ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும்: கூட இருப்பவர்கள் கேட்ட கேள்விகள்

அறுவை சிகிச்சை வார்டில் பல வருடங்களாகச் செவிலியராக வேலை பார்க்கிறேன். நோயாளிக்கு என்ன நடக்கப்போகிறது என்பதை டாக்டர்கள் நோயாளியிடம் விளக்கிவிடுவார்கள். பக்கத்தில் நிற்கும் மகளும் கணவரும் தம்பியும் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பெரும்பாலும் யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. அதனால் அவர்களுடைய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். நான் எழுதுவதும் உங்கள் டாக்டர் சொன்னதும் வேறுபட்டால், டாக்டர் சொன்னபடியே செய்யுங்கள். அந்த உடம்பைப் பரிசோதித்தவர் அவர்தான்.

அப்பாவுக்கு அடுத்த வாரம் ஹெர்னியா ஆபரேஷன். சர்க்கரை, பிரஷர், ரத்தம் உறையாமல் இருக்க என்று மூன்று விதமான மாத்திரைகள் சாப்பிடுகிறார். எதையெல்லாம் நிறுத்த வேண்டும் சிஸ்டர்?

நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையைச் சிலருக்குச் சில நாட்கள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு அதே மாத்திரையை நிறுத்துவது ஆபத்தாகலாம். சர்க்கரை மாத்திரைகளிலும் வித்தியாசம் உண்டு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகையை 3, 4 நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். வேறு சிலவற்றை அன்று காலை மட்டும் விட்டால் போதும். பிரஷர் மாத்திரை சிலவற்றை ஆபரேஷன் அன்று காலையிலும் ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கச் சொல்வார்கள்.

அதனால் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கும்போது அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள். மூலிகைப் பொடி, சத்து மாத்திரை, எப்போதாவது போடும் வலி மாத்திரை எல்லாம் அதில் இருக்கட்டும். 'இது மருந்தில்லையே' என்று வீட்டில் விட்டுவரும் பொடிதான் சில நேரம் ரத்தப்போக்கைக் கூட்டும். ஒவ்வொரு மாத்திரைக்கும் மூன்று விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: நிறுத்த வேண்டுமா, எந்த நாளிலிருந்து, மறுபடி எப்போது ஆரம்பிப்பது. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

அப்பா புகைபிடிப்பவர் என்றால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். 4 வாரங்களுக்கு முன்பே நிறுத்தினால் புண் ஆறுவதிலும் நுரையீரலிலும் நல்ல பலன் தெரியும். ஒரு வாரம்தான் இருக்கிறது என்பதற்காக விட்டுவிட வேண்டாம். அப்புறம், வயிற்றுப் பகுதியில் முடியை வீட்டிலேயே பிளேடால் மழிக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுந்து கிருமி நுழையும். தேவைப்பட்டால் மருத்துவமனையில் கிளிப்பரால் எடுத்துக்கொள்வார்கள்.

காலையில்தான் ஆபரேஷன். ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, பார்க்கவே பாவமாக இருக்கிறது. கொஞ்சம் பால் மட்டும் கொடுத்தால் என்ன?

கொடுக்காதீர்கள். மயக்கத்தில் இருமலும் விழுங்கும் உணர்வும் நின்றுவிடும். வயிற்றில் ஏதாவது இருந்தால் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடலாம். பொதுவாகத் திட உணவுக்கு 6 மணி நேரம், தெளிந்த தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி விடச் சொல்வார்கள். இந்தக் கணக்கில் பால் திட உணவோடுதான் சேரும். எத்தனை மணி வரை தண்ணீர் குடிக்கலாம் என்று முன்கூட்டியே கேட்டுவைத்தால் நாக்கு வறண்டு தவிக்க வேண்டியிருக்காது. தெரியாமல் கொடுத்துவிட்டீர்கள் என்றால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் தள்ளிப்போகலாம், அதோடு போகட்டும்.

உள்ளே கொண்டுபோகும் வரை ஆளாளுக்கு வந்து மனைவியின் பெயரையும் எந்தப் பக்கம் ஆபரேஷன் என்பதையும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஃபைலில் எழுதியிருப்பது இவர்களுக்கே தெரியாதா என்று பயமாகிவிட்டது.

தெரியும். தெரிந்தும் கேட்பதுதான் முறை. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், அறையை விட்டு வெளியேறும் முன் என்று மூன்று கட்டங்களில் ஆள், இடம், ஒவ்வாமை, கருவிகளின் எண்ணிக்கை எல்லாம் வாய்விட்டுச் சரிபார்க்கப்படும். எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதைப் பயன்படுத்திப் பார்த்து 2009-இல் வெளியான ஆய்வில், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகக் குறைந்திருந்தன. எத்தனை முறை கேட்டாலும் பொறுமையாகச் சொல்லச் சொல்லுங்கள். யாருமே கேட்கவில்லை என்றால்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

ஒரு மணி நேரம் என்றார்கள், மூன்று மணி நேரம் ஆகிறது. வெளியே உட்கார்ந்திருக்கிறேன், கை நடுங்குகிறது.

டாக்டர் சொல்லும் ஒரு மணி நேரம் பெரும்பாலும் ஆபரேஷனுக்கு மட்டும். மயக்கம் கொடுப்பது, படுக்க வைத்துத் தயார் செய்வது, முடிந்தபின் கண் விழிக்கும் வரை பார்த்துக்கொள்வது எல்லாம் தனி. முந்தைய ஆபரேஷன் நீண்டுபோனதால் உங்களுடையது தாமதமாக ஆரம்பித்திருக்கவும் கூடும். எழுந்து போய் 'ஆரம்பித்துவிட்டதா, எந்தக் கட்டத்தில் இருக்கிறது' என்று கேளுங்கள். அது தொந்தரவு இல்லை. ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அவர் கண் விழித்தபிறகுதான் உங்களுக்கு வேலை அதிகம்.

அம்மாவுக்கு வயது 76, இடுப்பு எலும்பு ஆபரேஷன். முதல் நாள் நன்றாகப் பேசினார். இரண்டாம் நாள் ராத்திரி என்னை யாரென்றே தெரியவில்லை, டிரிப்பைப் பிடுங்கப் பார்க்கிறார். மறதி நோய் வந்துவிட்டதா அக்கா?

இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன். வயதானவரின் ஆபரேஷனில் குடும்பத்தை இந்த அளவுக்குக் கலங்கடிப்பது வேறு எதுவும் இல்லை. முன்கூட்டியே யாரும் எச்சரித்திருக்கவும் மாட்டார்கள். இதற்கு டெலிரியம் என்று பெயர். மறதி நோய் மாதக்கணக்கில் மெதுவாக வரும். டெலிரியம் திடீரென்று வரும், பகலில் தெளிந்து ராத்திரியில் மோசமாகும். ஆபரேஷனுக்குப் பின் முதல் சில நாட்களில்தான் அதிகம் பார்ப்போம். பெரும்பாலானவர்களுக்குச் சில நாட்களில் சரியாகிவிடும், சிலருக்கு வாரங்கள் ஆகும்.

முதல் வேலை, வார்டு நர்ஸிடம் 'அம்மா இப்படி இருப்பவர் இல்லை, நேற்று வரை தெளிவாக இருந்தார்' என்று சொல்வது. எங்களுக்கு அவருடைய இயல்பு தெரியாது, உங்களுக்குத் தெரியும். பின்னால் ஒரு காரணம் இருக்கும்: கிருமித் தொற்று, வலி, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், நீர் வற்றல், ஏதோ ஒரு மருந்து. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதுதான் சிகிச்சை. சிலர் கத்தவே மாட்டார்கள், பேச்சுக் குறைந்து சுருண்டு படுத்திருப்பார்கள். 'நன்றாகத் தூங்குகிறார்' என்று எல்லோரும் நினைத்துவிடுவதால் அந்த வகைதான் கவனிக்கப்படாமல் போகிறது.

கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் போட்டுவிடுங்கள். பாதிக் குழப்பம் கண்ணும் காதும் இல்லாததால் வருவது. பகலில் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் விடுங்கள், ராத்திரியில் விளக்கையும் பேச்சையும் குறையுங்கள். 'நான் உன் மகள், இது மருத்துவமனை, இடுப்பில் ஆபரேஷன் முடிந்துவிட்டது' என்று மெல்லிய குரலில் மறுபடி மறுபடி சொல்லுங்கள். இல்லாத ஆளை இருப்பதாகச் சொன்னால் வாதாட வேண்டாம். 'பயமாக இருக்கிறதா, நான் இங்கேதான் இருக்கிறேன்' என்பது போதும். திட்டியதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். தெளிந்தபிறகு அவருக்கே வெட்கமாக இருக்கும், அப்போது நீங்களும் அதைச் சொல்லிக்காட்ட வேண்டாம்.

பித்தப்பையைத் துளை போட்டு எடுத்தார்கள். அண்ணனுக்கு வயிற்றைவிடத் தோள்பட்டைதான் வலிக்கிறதாம்!

வயிற்றை உப்ப வைக்க உள்ளே செலுத்திய கரியமில வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்தும். அதன் நரம்பின் வலி தோளில் தெரியும். எழுந்து நடக்க நடக்க, ஓரிரு நாளில் குறைந்துவிடும். நெஞ்சை அழுத்துவது போல வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ அது வேறு, உடனே சொல்லுங்கள்.

கணவர் வலி மாத்திரையே போட மறுக்கிறார், பழகிவிடுமாம். எழுந்து நடக்கவும் மாட்டேன் என்கிறார். தையல் பிரிந்துவிடும் என்று எனக்கும் பயம்.

இரண்டும் ஒரே பிரச்சினைதான். வலித்தால் ஆழமாக மூச்சு விட மாட்டார், இரும மாட்டார், அசைய மாட்டார். சளி தங்கி நிமோனியா வரவும், கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையவும் அது வழி. குறித்த நேரத்துக்கு மாத்திரை போட்டால் வலி ஏறாமல் இருக்கும். ஏறியபிறகு இறக்குவது கஷ்டம். நடப்பதற்கு அரை மணி நேரம் முன்பு மாத்திரை கொடுத்துப் பாருங்கள், மறுப்பு பாதியாகக் குறையும். டாக்டர் எழுதிய சில நாட்களுக்கு, எழுதிய அளவில் போடும்போது பழகிவிடுமோ என்று அஞ்சத் தேவையில்லை. பாராசிட்டமாலில் மட்டும் கணக்கு வையுங்கள்: பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. ஒல்லியானவர்களுக்கும் ஈரல் பாதிப்பு உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. ஜலதோஷ மாத்திரையிலும் அது இருக்கும், இரண்டும் சேர்ந்துவிடும். டிரமடால் போன்ற வீரியமான மாத்திரை போட்டவர் எழுப்பினாலும் எழாமல், மூச்சு மெதுவாகிப்போனால் ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம்.

நடந்தால் தையல் பிரியாது. எழும்போது நேராக எழாமல் ஒருபக்கம் திரும்பிப் படுத்து, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி உட்கார வேண்டும். தலை சுற்றுகிறதா என்று பார்த்தபின் நிற்கட்டும். இருமும்போது ஒரு தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூச்சுப் பயிற்சிக்குப் பந்து ஊதும் கருவி கொடுத்திருப்பார்கள். பெயர்தான் அப்படி, அதை ஊதக் கூடாது, உள்ளிழுக்க வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து முறை. பந்து மேலே போகவில்லை என்று விட்டுவிடுவார், பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுங்கள்.

முழங்கால் மாற்றிய பாட்டியைப் படி ஏற்றுவது எப்படி?

ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். ஏறினாலும் இறங்கினாலும் நீங்கள் அவருக்குக் கீழ்ப்படியில் நில்லுங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள், இடுப்பை அணைத்துப் பிடியுங்கள். வீட்டுக்குப் போகும் முன் பிசியோதெரபிஸ்ட் முன்னால் ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது.

நாளை டிஸ்சார்ஜ். வீட்டுக்குப் போனபின் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம்?

தையலைச் சுற்றி லேசான சிவப்பு, கொஞ்சம் வீக்கம், அரிப்பு, சீக்கிரம் களைத்துப்போவது, தொண்டைக் கரகரப்பு: இவையெல்லாம் வரும், போகும். மலம் இறுகுவதும் அப்படித்தான். வலி மாத்திரையும் படுக்கையும் சேர்ந்து குடலை மந்தமாக்கும். தண்ணீர், நடை, தேவைப்பட்டால் டாக்டரிடம் கேட்டு ஒரு மருந்து. ஆனால் வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

சிவப்பு நாளுக்கு நாள் பரவினால், சீழோ நாற்றமோ வந்தால், காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், குறைந்துவந்த வலி திரும்ப ஏறினால் அன்றே கூப்பிட்டுச் சொல்லுங்கள். சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டு வைத்தால் பரவுகிறதா என்பதில் சந்தேகமே வராது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். திடீரென்று மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ரத்தம் உறையும் ஆபத்து வீட்டுக்கு வந்தபின்னும் வாரக்கணக்கில் இருக்கும். ஊசியோ மாத்திரையோ தந்திருந்தால் இடையில் நிறுத்த வேண்டாம்.

டிஸ்சார்ஜ் பேப்பரை வாங்கிப் பையில் வைக்கும் முன், சொன்னதை நீங்கள் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள்: எந்த மாத்திரை எப்போது, எப்போது குளிக்கலாம், எவ்வளவு எடை தூக்கலாம், ராத்திரி இரண்டு மணிக்குப் பிரச்சினை என்றால் எந்த எண். விடுபட்டது அப்போதே தெரிந்துவிடும்.

ஆபரேஷன் முடிந்த மனைவிக்கு எல்லாம் நான்தான் செய்கிறேன். தலை சீவுவதுகூட. அவளோ என் மீது எரிந்து விழுகிறாள், இல்லையென்றால் அழுகிறாள்.

தலையை அவரே சீவிக்கொள்ள முடியுமானால் சீப்பைக் கையில் கொடுத்துவிடுங்கள். உங்கள் அன்பில் குறை சொல்லவில்லை. படுத்துக் கிடப்பவருக்கு உடம்பும் நேரமும் உணவும் எல்லாமே அடுத்தவர் கையில் இருக்கும். மிச்சமிருக்கும் சின்ன வேலைகளையும் நாம் எடுத்துக்கொண்டால் அவருக்கென்று எதுவும் இல்லாமல் போகும். பத்து நிமிடம் ஆனாலும் சட்டைப் பொத்தானை அவரே போடட்டும். 'இப்போது நடக்கலாமா, அரை மணி கழித்தா' என்று அவரைத் தீர்மானிக்க விடுங்கள். வலிக்கும்போது உங்கள் மேல் கோபப்படுகிறார் என்றால், கோபப்பட்டாலும் நீங்கள் போய்விட மாட்டீர்கள் என்ற நம்பிக்கையும் அதில் இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பின் மனம் சோர்வது சகஜம், இதய ஆபரேஷனுக்குப் பின் இன்னும் அதிகம். இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், அல்லது வாழப் பிடிக்கவில்லை என்பது போலப் பேசினால், தையலைக் காட்டுவது போலவே இதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு நாங்கள் நான்கு பிள்ளைகள். ராத்திரி முழுக்க விழித்திருப்பது நான் மட்டும். மற்றவர்கள் போனில் 'ஏதாவது வேண்டுமா' என்று கேட்கிறார்கள்.

'வேண்டும்' என்று சொல்லுங்கள், எதுவென்றும் சொல்லுங்கள். 'செவ்வாய், வெள்ளி ராத்திரி நீ வா', 'டாக்டரைப் பார்க்கப் போகும்போது வண்டி உன் பொறுப்பு', 'சொந்தக்காரர்களுக்குப் போனில் பதில் சொல்வது நீ'. பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். தூங்காத ஆள் மாத்திரை மாற்றிக் கொடுத்துவிடுவார். அதனால் உங்கள் தூக்கமும் அப்பாவின் சிகிச்சையில் ஒரு பகுதி என்று அவர்களிடம் நேராகவே சொல்லலாம். டாக்டரிடம் பேசுவது மட்டும் ஒருவராக இருக்கட்டும். நான்கு பேர் நான்கு விதமாகக் கேட்டு வந்தால் வீட்டில் சண்டைதான் மிச்சம்.

பார்க்க வருபவர்களை எப்படித் தடுப்பது?

இருமல், சளி உள்ளவர்களைக் கண்டிப்பாக வர வேண்டாம் என்று சொல்லுங்கள். மற்றவர்களுக்குக் கால் மணி நேரம் போதும். 'டாக்டர் சொல்லியிருக்கிறார்' என்று எங்கள் மேல் பழியைப் போடுங்கள், தாராளமாக.

ஆறு மாதம் ஆகிவிட்டது. தழும்பைச் சுற்றி அம்மாவுக்கு இன்னும் மரத்துப்போயிருக்கிறது. ஏதாவது தவறாகிவிட்டதா?

தோலோடு சேர்ந்து சின்ன நரம்புகளும் வெட்டுப்பட்டிருக்கும். அவை மிக மெதுவாக வளரும், ஒரு வருடம் வரைகூட ஆகலாம். கொஞ்சம் மரத்த இடம் நிரந்தரமாகவே தங்கிவிடுவதும் உண்டு, அதனால் ஆபத்தில்லை. அந்த இடத்தில் சூடு தெரியாது என்பதால் வெந்நீர்ப் பை வைக்க வேண்டாம். மரத்த இடம் பெரிதாகிக்கொண்டே போனாலோ புதிதாகக் கையிலோ காலிலோ பலம் குறைந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.