வாசகர் கேள்வி-பதில்: பந்தயத் தடத்தில் ஓடும் காருக்குக் காப்பீடு

கேள்வி: அன்றாடம் அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லும் காரிலேயே விடுமுறை நாள்களில் ஆட்டோகிராஸ் ஓட்டி வருகிறேன். கூம்புகளுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரே ஒரு கார்தான் ஓடும். ஒருவரை ஒருவர் முந்துவது கிடையாது. அடுத்த மாதம் ஒரு பந்தயத் தடத்தில், பயிற்றுநரைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு ஓட்டிப் பழகும் நாளுக்கும் பதிவு செய்திருக்கிறேன். என்னிடம் முழுமையான காப்பீட்டுப் பாலிசி இருக்கிறது. இரண்டுமே பந்தயம் அல்ல என்பதால் பாலிசி செல்லும் என்று நினைக்கிறேன். சரிதானா?

பதில்: இதற்கான விடை உங்கள் பாலிசியில் ‘விலக்குகள்’ அல்லது ‘பயன்பாட்டு வரம்பு’ என்ற தலைப்பின் கீழ் அச்சாகியிருக்கும் இரண்டு மூன்று வரிகளில் இருக்கிறது. அந்த வரிகளை ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள். ஏனெனில் ‘பந்தயத்துக்குக் காப்பீடு இல்லை’ என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடும் விஷயத்தைப் பாலிசிகள் இரண்டு வெவ்வேறு வழிகளில் சொல்கின்றன.

முதல் வழி, செய்யும் செயலைக் கொண்டு விலக்குவது. இந்தியாவில் வழக்கத்திலுள்ள மோட்டார் பாலிசி வாசகம் ஒழுங்குசெய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, நம்பகத்தன்மைச் சோதனை ஆகியவற்றைப் பெயர் சொல்லி விலக்குகிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்கும் நிபந்தனையைக் காப்பீட்டு நிறுவனம் விதிக்க இடம் கொடுக்கிறது. ஜெர்மானியப் பாலிசிகளோ, அதிகபட்ச வேகத்தை எட்டுவதை நோக்கமாகக் கொண்ட ஓட்ட நிகழ்ச்சிகள் என்று எழுதுகின்றன. இரண்டாவது வழி, இடத்தைக் கொண்டு விலக்குவது. அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் தனிநபர் கார் பாலிசி வாசகம், பந்தயத்துக்கென்று அமைக்கப்பட்ட வளாகத்துக்குள் கார் இருப்பதையும், அது போட்டிக்காகவோ, போட்டிக்கான பயிற்சிக்காகவோ, ஆயத்தத்துக்காகவோ அங்கே இருப்பதையும் சேர்த்துப் பார்க்கிறது. அங்கேயே சில நிறுவனங்கள் இந்த நோக்கம் பற்றிய வரியை அடியோடு நீக்கிவிட்டு, பந்தய வளாகத்துக்குள் நடக்கும் எதற்கும் பொறுப்பில்லை என்று முடித்துக்கொள்கின்றன.

இந்த வேறுபாட்டை உங்கள் இரண்டு நிகழ்ச்சிகளோடும் பொருத்திப் பாருங்கள். ஆட்டோகிராஸ் பெரும்பாலும் வாகன நிறுத்துமிடத்திலோ பழைய விமான ஓடுபாதையிலோ நடக்கிறது. ஆகவே இடத்தைக் கொண்டு விலக்கும் வரியில் அது அகப்படாமல் போகலாம். ஆனால் அங்கே கடிகாரம் ஓடுகிறது, கார் வகைவாரியாகத் தரவரிசை அறிவிக்கப்படுகிறது, அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பின் விதிப்படி ஒரு கூம்பைத் தட்டினால் உங்கள் நேரத்தோடு 2 நொடி கூடுகிறது. ஒரே ஒரு கார்தான் ஓடியது என்று நீங்கள் வாதாடினாலும், நேரம் குறித்து வெற்றி தோல்வி நிர்ணயிக்கும் நிகழ்ச்சியை வேகப் போட்டி என்று நிறுவனம் சொல்வதற்குப் போதுமான இடம் இருக்கிறது. பயிற்சி நாளின் நிலை இதற்கு நேர் எதிரானது. கடிகாரம் இல்லை, பரிசு இல்லை, குறிப்பிட்ட நேர்ப்பாதைகளில் மட்டும் கைகாட்டி முந்த விடுகிறார்கள்; ஆனால் ஓடுவது பந்தய வளாகத்துக்குள். ஆக, ஒரே பாலிசி ஒன்றுக்குச் செல்லுபடியாகி மற்றொன்றுக்குச் செல்லாமல் போவது முழுக்க முழுக்க நடக்கக்கூடியது.

ஜெர்மனியிலுள்ள நூர்பர்க்ரிங் வடக்குச் சுற்று இந்தக் குழப்பத்துக்கு நல்ல உதாரணம். 1927-இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 20.8 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடத்தில், பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நேரங்களில் சாலைப் போக்குவரத்து விதிகளே நடைமுறையில் இருக்கின்றன. கட்டணச் சாலைதானே என்று நம்பிச் செல்பவர்கள் பலர். அப்படியிருந்தும் பல நிறுவனங்கள் பந்தயத் தடத்தில் ஓட்டுவதையே தனியாகப் பெயர் சொல்லி விலக்கி வைத்திருக்கின்றன.

‘முழுமையான காப்பீடு’ என்ற சொல்லும் உங்களை ஏமாற்றிவிடக் கூடாது. அது பிறருக்கு நேரும் இழப்பு, உங்கள் காருக்கு நேரும் சேதம், உங்கள் உடலுக்கு நேரும் காயம் என்று தனித்தனிப் பகுதிகளைக் கொண்டது. விலக்கு வரி எந்தெந்தப் பகுதியில் எழுதப்பட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றிலும் பாருங்கள். சில பாலிசிகளில் அது எல்லாவற்றுக்கும் பொதுவாக நிற்கும், சிலவற்றில் கார் சேதத்துக்கு மட்டும்.

பாதுகாப்பாக ஓட்டக் கற்றுக்கொள்ளத் தடத்துக்குச் செல்பவரும், கோப்பைக்காக ஓட்டுபவரும் ஒரே வரியால் விலக்கப்படுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. பிரேக்கின் எல்லையையும் டயரின் பிடிமானத்தையும் பயிற்றுநர் முன்னிலையில் அறிந்தவர் சாலையில் நிதானமானவராகவே திரும்புகிறார் என்பது நான் கண்ட அனுபவம். ஆனால் க்ளெய்ம் நேரத்தில் என் கருத்தோ உங்கள் கருத்தோ உதவாது. ஆகவே நிகழ்ச்சியின் விதிமுறைத் தாளை இணைத்து, ‘இந்த நிகழ்ச்சியில் இந்தக் காரை ஓட்டினால் எந்தெந்தப் பகுதிகள் செல்லும்?’ என்று நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். முகவர் தொலைபேசியில் ‘அதெல்லாம் ஒன்றும் ஆகாது’ என்று சொன்னதைப் பின்னால் யாரும் நிரூபிக்க முடியாது.

கேள்வி: நுழைவுக் கட்டணத்திலேயே காப்பீடும் அடங்கியிருக்கிறது என்று அமைப்பாளர்கள் சொல்கிறார்கள். அது போதாதா?

பதில்: அமைப்பாளர் எடுத்திருக்கும் காப்பீடு பெரும்பாலும் அமைப்பாளரையும் இடத்தின் உரிமையாளரையும் காப்பதற்கானது, பார்வையாளருக்கோ வளாகத்துக்கோ கேடு வந்தால் அதிலிருந்து பணம் வரும். உங்கள் கார் நொறுங்கினால் அதிலிருந்து பெரும்பாலும் ஒன்றும் வராது. ஐரோப்பியச் சட்டத்திலும் இதே நிலைதான். ஸ்லோவேனியாவில் பண்ணை ஒன்றின் முற்றத்தில் டிராக்டரின் இழுவை வண்டி மோதி ஏணியில் நின்றவர் விழுந்த வழக்கில், தனியார் நிலத்தில் நடந்தாலும் கட்டாய வாகனக் காப்பீடு பொருந்தும் என்று 2014-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மோட்டார் விளையாட்டையும் அது கட்டுப்படுத்திவிடுமோ என்ற கவலை அப்போது எழுந்தது. 2021-இல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் திருத்த ஆணை, எல்லை வகுத்துத் தனியே பிரித்த இடத்தில் நடக்கும் மோட்டார் விளையாட்டுக்கு விலக்களித்து, பார்வையாளர் உள்ளிட்ட மூன்றாம் நபர்களுக்கு அமைப்பாளரின் மாற்றுக் காப்பீடு இருக்க வேண்டும் என்றது. பங்கேற்கும் ஓட்டுநரும் அவருடைய காரும் அந்தக் காப்பீட்டில் அடங்கியே தீர வேண்டும் என்று அது சொல்லவில்லை. நீங்கள் வாயிலில் கையெழுத்திடும் உறுதிமொழித் தாளையும் படியுங்கள். பக்கத்துக் காரை இடித்தால் யார் பொறுப்பு, தடுப்பு வேலி வளைந்தாலோ தடத்தில் எண்ணெய் சிந்தினாலோ யார் பணம் கட்டுவது என்பது பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

கேள்வி: தடத்தில் ஓட்டும் நாளுக்கென்றே தனிக் காப்பீடு கிடைப்பதாக அறிகிறேன். எதைக் கவனித்து வாங்க வேண்டும்?

பதில்: சில நாடுகளில் கிடைக்கிறது, ஒரு நாளுக்கோ ஒரு நிகழ்ச்சிக்கோ எடுக்கலாம். காரின் மதிப்பை முன்கூட்டியே இரு தரப்பும் ஒப்புக்கொள்வார்கள். சேதத்தில் நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு பல நேரங்களில் அந்த மதிப்பில் இத்தனை சதவீதம் என்று இருக்கும். எனவே டயருக்கும் கதவுக்கும் நேரும் சிறு சேதத்தை உங்கள் கையிலிருந்தே கட்டுவீர்கள். கார் உருண்டுபோனால்தான் இதன் பயன் தெரியும். எஞ்சின் பழுதாவது, பிரேக் தேய்வது போன்றவை விபத்து ஆகா என்பதால் அடங்கா. நேரம் குறிக்கும் போட்டிக்கு இந்த வகைக் காப்பீடு பெரும்பாலும் பொருந்தாது. ஆகவே உங்கள் ஆட்டோகிராஸுக்கு இது உதவும் என்று கருதி வாங்கிவிடாதீர்கள். பிறருக்கு நேரும் இழப்பும் பல சமயங்களில் இதில் சேர்வதில்லை. ஒரே காரை நண்பரும் நீங்களும் மாறி மாறி ஓட்டுவதானால் இருவர் பெயரும் எழுதப்பட்டிருக்க வேண்டும். பயிற்றுநர் ஓட்டிக் காட்டும் அந்த ஒரு சுற்றும் அடங்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கடனில் வாங்கிய கார் என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை: கார் போனாலும் கடன் போகாது.

கேள்வி: தடத்தில் இடித்துக்கொண்டால் காரைச் சாலைக்கு இழுத்து வந்து, அங்கே நடந்ததாகச் சொல்லிவிடலாம் என்கிறார் ஒரு நண்பர்.

பதில்: வேண்டாம். அது மோசடி, பிடிபட்டால் க்ளெய்ம் மறுக்கப்படுவதோடு பாலிசியே ரத்தாகி, குற்ற வழக்கும் வரலாம். காற்றுப்பை விரியும் அளவுக்கு மோதினால், மோதலுக்கு முந்தைய சில நொடிகளின் வேகத்தையும் பிரேக்கையும் பல கார்களின் உள்ளிருக்கும் பதிவுக் கருவி சேமித்து வைக்கிறது. டயரின் உருகிய ஓரமும், கதவில் ஒட்டிய எண் தாளும், யாரோ எடுத்த காணொளியும், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயருக்குப் போதும்.

கேள்வி: நிகழ்ச்சிக்கு ஓட்டிச் செல்லும்போதும் திரும்பும்போதும் என் சாதாரண பாலிசி செல்லுமா? காரில் சஸ்பென்ஷனை மாற்றி, ரோல் கேஜும் (கார் உருண்டால் உள்ளிருப்பவரைக் காக்கும் குழாய்ச் சட்டகம்) பொருத்தியிருக்கிறேன்.

பதில்: பொதுச் சாலையில் வழக்கம்போல் ஓட்டிச் செல்லும் பயணத்தைப் பந்தய விலக்கு தொடாது. உங்களுக்குச் சிக்கல் அந்த மாற்றங்களில்தான் வரும். நிறுவனத்துக்குச் சொல்லாமல் செய்த மாற்றம், கடைக்குப் போகும் வழியில் நேர்ந்த சிறு விபத்தின் க்ளெய்மையும் நிறுத்திவிடக்கூடும். இரண்டையும் எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் ஒப்புதல் குறிப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரீமியம் சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. ஹெல்மெட் இல்லாமல் ரோல் கேஜ் உள்ள காரைச் சாலையில் ஓட்டினால் தலை அந்தக் குழாயில் மோதும் ஆபத்து இருப்பதால், தலைக்கு அருகிலுள்ள குழாய்களுக்கு அதற்கென்று செய்த கெட்டியான உறையைப் போட்டுவிட்டே காரை வெளியே எடுங்கள்.