கணினிக் கேள்வி–பதில்: திருத்திய பின்னும் மறையாத சிவப்புக் கோடு

கேள்வி: பெங்களூருவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதங்கள் ஆகின்றன. விஎஸ் கோட் எடிட்டரில் பைத்தான் நிரல் எழுதுகிறேன். ‘மேட்ச்’ என்று தொடங்கும் வரியின் கீழ் எப்போதும் சிவப்பு நெளிகோடு தெரிகிறது. ஆனால் டெர்மினலில் இயக்கினால் நிரல் சரியாகவே ஓடுகிறது. நிரலின் பதிப்புகளைக் காத்துவைக்கும் ‘கிட்’ கருவியில் ஒரு கிளையிலிருந்து (நிரலின் தனிப் பிரதியிலிருந்து) இன்னொன்றுக்கு மாறும்போது, சரிசெய்து முடித்த பிழைகளும் சில சமயம் அப்படியே நிற்கின்றன. “கண்டுகொள்ளாதே” என்கிறார் குழுவின் மூத்தவர். விட்டுவிடலாமா?
– வாசகி, மாரத்தஹள்ளி

பதில்: விட்டுவிடாதீர்கள். பொய்க் கோட்டுக்குக் கண் பழகிவிட்டால், நாளை உண்மையான பிழைக்கும் அதே கோடுதான் விழும். அதையும் உங்கள் கண் தாண்டிப் போய்விடும். நிரலில் கைவைப்பதற்கு முன், அந்தக் கோட்டைப் போடுவது யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கோட்டைப் போடச் சொல்வது, நிரலை ஓட்டும் பைத்தான் அல்ல. லாங்குவேஜ் சர்வர் என்ற தனி நிரல் எடிட்டருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் செய்யும் மாற்றங்களை எடிட்டர் அதற்கு அனுப்ப, அது நிரலை இயக்காமல் படித்துப் பார்த்து, பிழைப் பட்டியலைத் திருப்பி அனுப்புகிறது. இந்தப் பரிமாற்றத்துக்கான பொது நெறிமுறையை மைக்ரோசாஃப்ட், ரெட் ஹாட், கோடென்வி ஆகிய நிறுவனங்கள் 2016-இல் அறிவித்தன. புதிய பட்டியல் வரும்வரை பழையதே திரையில் நிற்கும் என்பதால், சர்வர் எங்காவது தேங்கிவிட்டால், நீங்கள் எப்போதோ திருத்திய பிழையும் அழியாமல் கிடக்கும்.

முதலில் ‘மேட்ச்’ வரியைப் பார்ப்போம். அதன்மேல் சுட்டியை வைத்தால் விரியும் சிறு பெட்டியில், பிழைச் செய்தியின் கடைசியில் அதைச் சொன்னவரின் பெயர் இருக்கும். பைத்தானுக்குப் பெரும்பாலும் அது பைலான்ஸ் என்ற லாங்குவேஜ் சர்வர். அடுத்து, கோப்பு திறந்திருக்கும்போதே திரையின் அடிப்பட்டையில் வலப்பக்கம் தெரியும் பைத்தான் பதிப்பு எண்ணைப் படியுங்கள். ‘மேட்ச்’ என்ற கட்டளை 2021 அக்டோபரில் வந்த 3.10 பதிப்பில்தான் மொழியில் சேர்ந்தது. டெர்மினலில் 3.12 இருந்து, அடிப்பட்டையில் 3.9 என்று இருந்தால், பைலான்ஸ் 3.9-இன் இலக்கணப்படி தீர்ப்புச் சொல்கிறது என்று பொருள். உங்கள் விவரிப்பைப் பார்த்தால் இதுவே காரணம் என்று எனக்குப் படுகிறது. அந்த எண்ணைச் சொடுக்கி, புராஜெக்ட்டுக்கு உரிய விர்ச்சுவல் என்விரான்மென்ட்டை (அந்தப் புராஜெக்ட்டுக்கென்றே தனியாக அமைத்த பைத்தான் சூழலை) தேர்ந்தெடுங்கள்.

கிளை மாறும்போது நிற்கும் பிழைகளின் கதை வேறு. அப்போது பல கோப்புகள் எடிட்டருக்கு வெளியே, வட்டில் ஒரே நேரத்தில் மாறுகின்றன. அவற்றுள் சில மாற்றங்கள் சர்வருக்கு எட்டாமல் போகலாம். லினக்ஸில் பெரிய புராஜெக்ட் என்றால், கண்காணிக்கக்கூடிய கோப்புகளின் உச்சவரம்பே தீர்ந்துவிடுவதுண்டு. அதை 5,24,288 வரை உயர்த்தலாம் என்று விஎஸ் கோட் ஆவணம் வழி சொல்கிறது. சாதாரணமாக, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தி, ‘ரீஸ்டார்ட் லாங்குவேஜ் சர்வர்’ என்று தட்டினாலே போதும். அதற்கும் அசையாவிட்டால் ‘ரீலோட் விண்டோ’. எக்ஸ்டென்ஷனை நீக்கி மறுபடி நிறுவுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பலர் அதிலிருந்தே தொடங்கி அரைநாளை இழக்கிறார்கள்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. டெர்மினலும் அதே வரியில் பிழை என்றால், அது பொய்ப் பிழை அல்ல. வாட்ஸ்அப்பிலிருந்தோ பிடிஎஃப் கோப்பிலிருந்தோ எடுத்து ஒட்டிய வரியில், வெற்றிடம் போலவே தோன்றும் வேறு எழுத்துக்குறி ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். விஎஸ் கோட் அத்தகைய குறிகளைச் சுற்றிச் சிறு கட்டம் போட்டுக் காட்டும். அந்த வரியை முழுவதும் அழித்துக் கையால் தட்டுங்கள். உங்கள் நிரல் டேட்டாபேஸைத் தொடுவதாக இருந்தால், சோதனைக்காக அதை ஓட்ட வேண்டியதில்லை. ‘பை கம்பைல்’ என்ற மாட்யூலிடம் கோப்பைக் கொடுத்தால், இயக்காமலே தொடரியலை (மொழியின் இலக்கணத்தை) மட்டும் சரிபார்த்துச் சொல்லிவிடும்.