நாரி நோ (கீழ்முதுகு வலி): வீடு வீடாகத் தாய் சேய் நலம் பார்க்கும் வன்னிக் குடும்பநல உத்தியோகத்தர்களின் கேள்விகளும் ஓர் இயன்மருத்துவரின் (பிசியோதெரபிஸ்ட்) பதில்களும்

ஒட்டுசுட்டான்: கிரவல் ரோட்டில் தினமும் ஸ்கூட்டி ஓடுகிறேன். பின்னேரம் நாரி விறைச்சுப் போகுது. எலும்பு தேய்ந்திருக்குமா?

தேய்வு என்ற சொல்லை முதலில் விடுங்கள் தங்கச்சி. நாரி நோ வரும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இதுதான் பழுது என்று சுட்டிக் காட்ட ஒன்றும் இராது. பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் தணியும். அதுவரை படுத்துக் கிடக்கத் தேவையில்லை.

ரோட்டு உதறலும் ஒரு காரணம்தான். ஆனால் கிளினிக்கில் நான் கண்டது வேறு. மாமரக் கொப்பில் பிள்ளை நிறுக்கும் தராசு தொங்குகிறது, முள் நெஞ்சுக்குக் கீழே. ஓர் அக்கா அழுகிற பிள்ளையை ஒரு கையால் பிடித்தபடி, பாதி குனிந்து முள்ளைப் பார்க்கிறா. முப்பது பிள்ளைக்கு முப்பது தரம்! கயிற்றை ஏற்றிக் கட்டுங்கள், முள் கண்ணுக்கு நேரே வரட்டும். தாயைப் பக்கத்தில் நிற்க வையுங்கள். வீடுகளில் பாயில் கிடக்கும் பிள்ளையைப் பார்க்கும்போது நீங்களும் பாயில் இருங்கள். இரண்டு வீட்டுக்கு ஒரு தரம் ஸ்கூட்டியால் இறங்கிக் கொஞ்சம் நடவுங்கள்.

மல்லாவி: நாரிக்குக் கட்ட எந்த பெல்ட் நல்லது?

ஒன்றும் வேண்டாம். நாட்பட்ட நாரி நோவுக்கு பெல்ட்டை வழமையாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023இல் சொல்லிவிட்டது.

முழங்காவில்: ஆறு மாதமாக பெல்ட் கட்டித்தான் நான் வேலைக்கே போகிறேன். எங்கள் ரோட்டில் ஓடிப் பார்த்துவிட்டா சொல்லுகிறீர்கள்?

ஓடியிருக்கிறேன் அக்கா. கட்டினால் சுகம் தெரிவதும் உண்மை. ஆனால் ஆறு மாதமாகக் கட்டுகிறீர்கள் என்றால் நோ போகவில்லை என்றுதானே அர்த்தம்? உங்கள் தசையே உங்களைத் தாங்க வேண்டும். நாளுக்கு ஒரு மணித்தியாலமாகக் குறையுங்கள், காலையில் இருபது நிமிடம் நடவுங்கள்.

பூநகரி: நானும் முழங்காவில் அக்கா பக்கம்தான். பெல்ட் இல்லாமல் ஏலாது.

ஏலும். ஒரு மாதம் செய்துவிட்டு வந்து என்னோடு சண்டை பிடியுங்கள்.

நெடுங்கேணி: நோக் குளிசை தினமும் போடலாமா?

கூடாது. டைக்ளோபினாக் போன்றவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் ஏற்கெனவே உள்ள மாவட்டம் உங்கள் வவுனியா. வைத்தியரைக் கேளாமல் பார்மசியில் வாங்க வேண்டாம்.

மாந்தை கிழக்கு: பரியாரியார் எண்ணெய்?

என் துறை இல்லை. சித்த வைத்தியரிடம் கேளுங்கள்.

புதுக்குடியிருப்பு: எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். 2009இல் பட்ட செல் (எறிகணை) துண்டு இன்னும் உடம்பில் இருக்கு.

இதை எடுப்பதற்கு முன்பே கட்டாயம் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. மெஷினில் உள்ள பெரிய காந்தம் இரும்புத் துண்டை அசைக்கும். கண், முள்ளந்தண்டுப் பக்கம் என்றால் பேராபத்து. யாரும் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். முதலில் எக்ஸ்ரேயில் துண்டு எங்கே என்று பார்ப்பார்கள். வெளியே தழும்பு ஆறியிருக்கிறது என்று விட்டுவிட வேண்டாம்.

துணுக்காய்: பெல்ட்...

மேலே மூன்று தரம் சொல்லிவிட்டேன் தங்கச்சி.

மாங்குளம்: நேற்றிலிருந்து இரண்டு காலும் சோர்வு. இருக்கிற இடம், குண்டிப் பக்கம், மரத்த மாதிரி. சலம் போகக் கஷ்டமாக இருக்கு. என்ன பயிற்சி செய்ய?

பயிற்சி ஒன்றும் வேண்டாம். முள்ளந்தண்டின் அடியில் உள்ள நரம்புக் கட்டு நசிபடுகிறதாக இருக்கலாம், மணித்தியாலக் கணக்கில் பார்க்க வேண்டிய விஷயம். விடியட்டும் என்று இருக்காதீர்கள். இப்போதே 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். எனக்கு எழுதிய அதே மூன்றையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி போடுங்கள், முழித்திருக்கிறேன்.