டாக்டர் ‘ரெஸ்பான்ஸ் இல்லை’ என்கிறார். அப்பாவுக்கு நாங்கள் பேசுவது கேட்குமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால். பைக் விபத்தில் அப்பாவுக்குத் தலையில் அடிபட்டு மூன்று மாதம் ஆகிறது. கண் திறக்கிறார், தூங்குகிறார், விழிக்கிறார். ஆனால் கூப்பிட்டால் திரும்புவதில்லை, சொன்னதைச் செய்வதில்லை. மூக்குக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது அவருக்குக் கேட்கிறதா, இல்லை நம் மனத் திருப்திக்காகப் பேசிக்கொண்டிருக்கிறோமா என்பது உங்கள் கேள்வி.

கேட்கிறது என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள். வெறும் ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. நான் நரம்பியல் மறுவாழ்வுப் பிரிவில் வேலை செய்யும் பிசியோதெரபிஸ்ட். உங்கள் அப்பா மாதிரி தலைக்காயம் பட்டவர்களோடுதான் என் பொழுது போகிறது. வெளியே அசைவு இல்லை என்பதை வைத்து உள்ளே நினைவு இல்லை என்று முடிவு கட்ட முடியாது. கடந்த 20 ஆண்டு ஆராய்ச்சி இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது.

முதலில் ஒரு விஷயம். கண் திறந்து மூடுகிறார் என்றால் அது கோமா இல்லை. கோமாவில் கண்ணே திறக்காது. பெரும்பாலும் சில வாரங்களில் அந்தக் கட்டம் கடந்துவிடும். அதற்கப்புறம் சிலர் விழிப்பு மட்டும் திரும்பி, நினைவு திரும்பாதவர்கள் போலக் கிடப்பார்கள். ‘போல’ என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

2005-இல் இங்கிலாந்தில் 23 வயதுப் பெண் ஒருவர் சாலை விபத்தில் சிக்கினார். ஐந்து மாதம் கழித்தும் கண் திறந்தபடி, எந்தக் கட்டளைக்கும் பதில் இல்லாமல் இருந்தார். கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஏட்ரியன் ஓவன் அவரை எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனருக்குள் படுக்க வைத்தார். மூளையில் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்பதை ரத்த ஓட்டத்தின் மாற்றத்தை வைத்துக் காட்டும் ஸ்கேன் அது. அந்தப் பெண்ணிடம், “டென்னிஸ் விளையாடுவதாகக் கற்பனை செய்யுங்கள்” என்றார்கள். அப்புறம் ஓய்வு. பிறகு, “உங்கள் வீட்டுக்குள் ஒவ்வொரு அறையாக நடந்து போவதாகக் கற்பனை செய்யுங்கள்” என்றார்கள். டென்னிஸ் என்றபோது அசைவைத் திட்டமிடும் பகுதி விழித்தது. வீடு என்றபோது இடம், வழி சம்பந்தப்பட்ட பகுதிகள் விழித்தன. நல்ல உடல்நிலையில் இருப்பவர்களின் ஸ்கேனோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. 2006-இல் ‘சயின்ஸ்’ இதழில் இது வெளிவந்தது.

டென்னிஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் மூளை தானாகத் துடித்திருக்கலாமே என்று அப்போதே சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தானாக வரும் துடிப்பு சட்டென்று அடங்கிவிடும். இவருக்கோ அது 30 நொடி நீடித்தது, ‘ஓய்வெடுங்கள்’ என்ற பிறகுதான் அடங்கியது. சொன்னதைப் புரிந்துகொண்டு, ஞாபகத்தில் வைத்து, அரை நிமிடம் விடாமல் கற்பனை செய்து, நிறுத்தச் சொன்னதும் நிறுத்தியிருக்கிறார். அத்தனையும் கைவிரல்கூட அசையாமல்.

2010-இல் ஓவன் குழுவும் பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் லோரேஸ் குழுவும் சேர்ந்து இன்னொரு படி போனார்கள். ‘ஆமாம்’ என்றால் டென்னிஸ், ‘இல்லை’ என்றால் வீட்டுக்குள் நடப்பது என்று வைத்துக்கொண்டு ஒரு நோயாளியிடம் ஆறு கேள்விகள் கேட்டார்கள், அப்பாவின் பெயர் இதுவா என்பது போல. ஐந்துக்குச் சரியான பதில் வந்தது. ஆறாவதுக்கு எந்தச் சலனமும் இல்லை. ஐந்து ஆண்டுகளாகச் சுயநினைவு இல்லாதவர் என்று எழுதி வைக்கப்பட்டிருந்த இளைஞர் அவர். 2012-இல் கனடாவில், 12 ஆண்டுகளாக அதே நிலையில் இருந்த ஒருவரிடம் ஓவன் குழு கேட்ட கேள்வி: வலிக்கிறதா? இல்லை என்று பதில் வந்தது. 12 ஆண்டுகள் கழித்துத்தான் அந்த மனிதரிடம் அதைக் கேட்கவே வழி பிறந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

சரி, இதெல்லாம் அபூர்வம்தானே என்று கேட்பீர்கள். 2024 ஆகஸ்டில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்த ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். ஹார்வர்டின் யெலினா போடியன், வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரியின் நிக்கலஸ் ஷிஃப் முதலானோர் ஆறு மையங்களில் 353 பேரைச் சோதித்தார்கள். அவர்களில் 241 பேர் கட்டிலருகே எந்தக் கட்டளைக்கும் பதில் தராதவர்கள். எஃப்எம்ஆர்ஐ, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இஇஜி ஆகியவற்றில் பார்த்தபோது அந்த 241 பேரில் 60 பேர் சொன்னதை மனதுக்குள் செய்துகொண்டிருந்தார்கள். நான்கில் ஒருவர்.

அதே ஆய்வில் இருக்கும் இன்னொரு எண் அதிகம் பேசப்படவில்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. மீதமுள்ள 112 பேர் கட்டிலருகே கண்ணால் பார்க்கும்படியே கட்டளைக்குப் பதில் தரக்கூடியவர்கள். அவர்களுக்குக் கேட்கிறது, புரிகிறது என்பதில் சந்தேகமே இல்லை. அப்படிப்பட்டவர்களில்கூட 43 பேர்தான், அதாவது 38 சதவீதம் பேர்தான், ஸ்கேன் சோதனையில் தேறினார்கள். அரை நிமிடம் விடாமல் ஒரே விஷயத்தில் மனதை நிறுத்துவது, அதையே பல முறை திரும்பச் செய்வது, அடிபட்ட மூளைக்கு மலை ஏறுகிற வேலை. ஆகவே சோதனையில் தேறியவருக்கு நினைவு இருக்கிறது என்று சொல்லலாம். தேறாதவருக்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது. பேச்சுச் சத்தத்தை உணர்வதற்கும் பழகிய குரலில் அமைதி கொள்வதற்கும் இவ்வளவு கடினமான வேலை தேவையும் இல்லை.

மனதுக்குள் புரிந்தும் விரல் ஏன் அசைவதில்லை? 2015-இல் டவினியா ஃபெர்னாண்டஸ் எஸ்பெஹோ என்ற ஆய்வாளரும் சகாக்களும் இதற்கு ஒரு விடை கண்டார்கள். மூளையின் நடுவே இருக்கும் தலாமஸ் என்ற பகுதியிலிருந்து, உடலை அசைக்கும் மூளை மேலடுக்குக்குப் போகும் நரம்பிழைகள் இப்படிப்பட்ட நோயாளியிடம் சேதமாகியிருந்தன. உத்தரவு தயாராகிறது, அசைவாக மாற வழியில்லை.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் யான் கிளாசன் குழு இதையே ஐசியூவில், அடிபட்ட சில நாட்களிலேயே செய்து பார்த்தது. தலையில் இஇஜி மின்முனைகளை ஒட்டி, காதில் ஹெட்போன் வைத்து, “வலது கையைத் திறந்து மூடிக்கொண்டே இருங்கள்”, “நிறுத்துங்கள்” என்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள். பதில் தராத 104 பேரில் 16 பேரின் மூளை அலைகள் இரண்டு கட்டளைகளுக்கும் வேறு வேறாக இருந்தன. ஓராண்டு கழித்து, அந்த 16 பேரில் 44 சதவீதம் பேர் நாளில் எட்டு மணி நேரமாவது தனியே சமாளிக்கும் அளவுக்குத் தேறியிருந்தார்கள். அலைகளில் வித்தியாசம் தெரியாதவர்களில் அப்படித் தேறியவர்கள் 14 சதவீதம்.

“எங்கள் அப்பாவுக்கும் எம்ஆர்ஐ, இஇஜி எல்லாம் எடுத்தாச்சே” என்பீர்கள். சாதாரணமாக எடுக்கும் எம்ஆர்ஐ காயத்தைக் காட்டும், இஇஜி வலிப்பைக் காட்டும். கட்டளை கொடுத்துச் செய்யும் மேற்சொன்ன சோதனை தனி. அதைப் பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடங்களில்தான் செய்கிறார்கள். அதைத் தேடி நீங்கள் அலைய வேண்டாம். கட்டிலருகே ஒழுங்காகச் செய்யும் சோதனையே நிறையச் சொல்லும். லியேஜ் குழு 2009-இல், சுயநினைவு இல்லை என்று மருத்துவக் குழு சேர்ந்து முடிவு செய்திருந்த 44 பேரை முறையான அளவுகோலை வைத்துத் திரும்பச் சோதித்தது. 18 பேரிடம் நினைவின் அறிகுறிகள் இருந்தன. ரவுண்ட்ஸில் ஒரு நிமிடம் நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனால் இதெல்லாம் அகப்படாது. இவர்களின் விழிப்பு ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் மாறும். அதனால்தான் குறுகிய இடைவெளியில் ஐந்து முறையாவது சோதிக்க வேண்டும் என்கிறார்கள்.

வீட்டிலேயே நீங்கள் பார்க்கக்கூடியவை உண்டு. சாப்பாடு ஏற்றிய உடனே வேண்டாம், அப்போது அசதியாக இருப்பார். நன்றாக விழித்திருக்கும் நேரமாகப் பார்த்து, தலைமாட்டை உயர்த்தி உட்கார வைத்துக்கொள்ளுங்கள். டிவியை அணைத்துவிடுங்கள். ஒருவர் மட்டும் பேசுங்கள். வீட்டில் அவரை எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே கூப்பிட்டு, ஒரே ஒரு வேலை சொல்லுங்கள்: “அப்பா, கட்டை விரலைத் தூக்குங்க.” சொல்லிவிட்டுக் காத்திருங்கள். பத்து நொடி. எல்லாரும் தவறுவது இங்கேதான், இரண்டு நொடியில் “தூக்குங்கப்பா, தூக்குங்க, கேக்குதா?” என்று அடுக்கினால் அவர் மூளை முதல் கட்டளையைக்கூட முடிக்க முடியாது. நான்கு முறை சொல்லிப் பாருங்கள், எத்தனை முறை நடந்தது என்று குறித்து வையுங்கள். கையைப் பிடித்தால் அழுத்துகிறார் என்று பலரும் சொல்வார்கள். உள்ளங்கையில் எது பட்டாலும் விரல் மடங்குவது அனிச்சையாகவும் நடக்கும், ஆகவே அதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். ‘விடுங்க’ என்று சொன்னதும் விட்டால் அது பெரிய செய்தி.

அப்புறம் கண்ணாடி. 2020-இல் வந்த ஐரோப்பிய நரம்பியல் அகாடமியின் வழிகாட்டுதலே, கண் பின்தொடர்கிறதா என்பதைக் கண்ணாடியால் பார்க்கச் சொல்கிறது. எங்கள் பிரிவில் ஒரு கல்லூரிப் பையன் இருந்தான். பேனாவை ஆட்டினால் பார்க்கவில்லை, டார்ச் அடித்தால் இமைப்பான், அவ்வளவுதான். கேஸ் ஷீட்டில் ‘பார்வை நிலைக்கவில்லை’ என்று இருந்தது. அவன் அம்மா பையிலிருந்து பவுடர் டப்பாவின் சின்னக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். அவன் முகத்துக்கு நான்கைந்து அங்குலத்தில் பிடித்து, அவன் முகம் அவனுக்கே தெரிகிறதா என்று சரிபார்த்து, மெதுவாக வலப்பக்கம் நகர்த்தினேன். கருவிழி கண்ணாடியோடு வந்தது. பாதி வழியில் நழுவி நடுவுக்குத் திரும்பியது. மறுபடி நடுவிலிருந்து தொடங்கினேன். இந்த முறை கோடி வரை வந்தது, இடப்பக்கமும் வந்தது. அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அவனைத்தான் பார்க்கிறான், அவன் முகத்தைத்தான் பார்க்கிறான்” என்றார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் செய்து உறுதிப்படுத்திக்கொண்ட பிறகு கேஸ் ஷீட்டில் அந்த வரி மாறியது, அவனுக்கான சிகிச்சைத் திட்டமும் மாறியது. நேர்ந்தது இவ்வளவுதான். ஆனால் பேனாவுக்குத் திரும்பாத கண் தன் முகத்துக்குத் திரும்புவதை நான் வேறு நோயாளிகளிடமும் பார்த்திருக்கிறேன்.

காதையும் ஒரு முறை காட்டிவிடுங்கள். காதையொட்டிய எலும்பில் முறிவு இருந்தால் கேட்கும் திறனே போயிருக்கலாம். வலிப்பு மருந்தும் தூக்கம் தரும் மருந்தும் அளவு கூடியிருந்தாலும், சிறுநீர்த் தொற்று இருந்தாலும்கூட ஆள் மந்தமாகவே கிடப்பார். இதையெல்லாம் சரிசெய்யாமல் ‘ரெஸ்பான்ஸ் இல்லை’ என்று சொல்வது அவசரம்.

உறவினர்கள் வந்து கட்டிலைச் சுற்றி நின்று, “இப்படிக் கிடக்கிறதுக்குப் போய்ச் சேர்ந்தாலே தேவலை” என்பார்கள். ஆஸ்பத்திரிச் செலவு, கடன், வீட்டுப் பத்திரம் எல்லாம் அவர் தலைக்கு மேலேயே பேசப்படும். தயவுசெய்து அதை அனுமதிக்காதீர்கள். பெரியவர்களாக இருந்தாலும் பரவாயில்லை, “ஹாலில் உட்கார்ந்து பேசலாம் வாங்க” என்று அழைத்துப் போய்விடுங்கள். நான்கில் ஒருவர் என்ற கணக்கை மனதில் வைத்துக்கொண்டு அந்தப் பேச்சைக் கேட்டுப் பாருங்கள், ஏன் சொல்கிறேன் என்று தெரியும். டயப்பர் மாற்றும்போதும் சளி எடுக்கும்போதும், “அப்பா, இப்போ திருப்பிப் படுக்க வைக்கப் போறேன்” என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

என்ன பேசுவது என்று தெரியவில்லை என்று பலர் சொல்வார்கள். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் தெரேசா பேப் குழு, குடும்பத்தினர் பழைய சம்பவங்களைச் சொல்லிப் பதிவு செய்த கதைகளை நோயாளிகளுக்குத் தினமும் நான்கு முறை, ஆறு வாரம் கேட்க வைத்தது. கதை கேட்டவர்களிடம் முன்னேற்றம் வேகமாகத் தெரிந்தது. வெறும் 15 பேரிடம் நடந்த சின்ன ஆய்வு, 2015-இல் வந்தது. ஆனால் செலவே இல்லாத காரியம், போனில் பதிவு செய்தால் போதும். பொதுவான அறிவுரை வேண்டாம். அவரும் நீங்களும் இருந்த சம்பவங்களைச் சொல்லுங்கள். நாள் முழுக்க ஓடவிடாதீர்கள், இடையில் அமைதியும் வேண்டும்.

பேசினால் எழுந்துவிடுவார் என்று நான் சொல்லவில்லை. நான்கில் ஒருவர் என்றால் மற்ற மூவரிடம் ஒன்றும் தெரியவில்லை என்பதும் உண்மை. நினைவு இருப்பவர்களிலும் பலர் படுக்கையை விட்டு எழாமலே போவதுண்டு. ஆனால் இளம் வயது, மாரடைப்பு போன்றவற்றால் அல்லாமல் விபத்துக் காயத்தால் வந்த பாதிப்பு ஆகியவை இருந்தால் மறைந்திருக்கும் நினைவு அகப்படும் வாய்ப்பு கூடுதல் என்று அந்த 2024 ஆய்வே சொல்கிறது. உங்கள் அப்பாவுடையது விபத்துக் காயம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அமான்டடின் என்ற மாத்திரை இருக்கிறது, பார்க்கின்சன் நோய்க்குப் பழகிய மருந்து. 2012-இல் ஜோசப் ஜியாசினோ, ஜான் வைட் ஆகியோர் 184 பேரிடம் நடத்திய ஆய்வில், தலைக்காயம் பட்டு நினைவு திரும்பாதவர்கள் அதைச் சாப்பிட்ட நான்கு வாரத்தில் வேகமாக முன்னேறினார்கள். மருந்தை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்தது. அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் அடிபட்டு 4 முதல் 16 வாரத்துக்குள் இருந்தவர்கள். உங்கள் அப்பாவுக்கு இது பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது வாரமாக இருக்கும். சிறுநீரகம், வலிப்பு இரண்டையும் பார்த்துத்தான் டாக்டர் கொடுப்பார், நீங்களாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. ஆனால் அடுத்த ரிவியூ தேதி வரை காத்திருக்காமல் இந்த வாரமே கேளுங்கள். போகும்போது கண்ணாடியை வைத்து எடுத்த வீடியோவையும், கட்டளை சொல்லிக் குறித்து வைத்த தாளையும் கையோடு கொண்டு போங்கள்.