பிழை பூஜ்ஜியம் என்றால் சந்தேகப்படுங்கள்

அன்புள்ள சார்,

அமெரிக்க விடுதலைப் போரில் வாஷிங்டனுக்குத் துணையாக வந்த ரோஷாம்போவின் பிரெஞ்சுப் படை 1781–82இல் அங்கே தங்கிய முகாம்களின் கையால் வரைந்த படங்கள் சிலவற்றை இணையத்திலிருந்து இறக்கி, க்யூஜிஐஎஸ் மென்பொருளில் இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்திப் பார்த்தேன். சாலை ஓரளவு பொருந்துகிறது. குன்றுகளும் ஓடைகளும் எங்கோ போய் நிற்கின்றன. பழைய படத்திலும் இன்றைய வரைபடத்திலும் ஒரே இடம் என்று தெரிந்த நாற்பது புள்ளிகளை இணைத்து, ‘தின் பிளேட் ஸ்ப்லைன்’ என்ற உருமாற்றத்தைப் போட்டதும் பிழை பூஜ்ஜியமாகிவிட்டது. இவ்வளவு தப்பாக வரைந்தவர்களையா திறமைசாலிகள் என்கிறார்கள்? படங்களில் கூடாரங்களைக் குறிக்கும் கட்டங்களை வைத்துப் படையின் அளவைக் கணக்கிடலாமா? யார்க்டவுனில் தோற்ற கார்ன்வாலிஸும் திப்புவோடு போரிட்ட கார்ன்வாலிஸும் ஒருவரா?

— ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் ஒருவரேதான். அதை இங்கே விட்டுவிடுவோம்.

‘பிழை பூஜ்ஜியமாகிவிட்டது’ என்ற வரிக்கு மேல் என்னால் நகர முடியவில்லை. கொஞ்ச காலமாகவே என்னை உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம் இது. நாற்பது இடங்களைத் தேடிப் பிடித்திருக்கிறீர்கள். அந்தப் பொறுமை எல்லோருக்கும் வராது, அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த உழைப்பை நீங்களே அழித்துவிட்டீர்கள். ஸ்ப்லைன் என்பது நீங்கள் வைத்த ஒவ்வொரு புள்ளியும் சரியாகப் பொருந்தும்வரை தாளை வளைக்கும் கணக்கு. நாற்பதில் ஒன்றை வேறொரு ஊரில் கொண்டுபோய் வைத்திருந்தாலும் பூஜ்ஜியம் என்றே சொல்லும். அந்த எண்ணுக்கும் வரைந்தவரின் திறமைக்கும் சம்பந்தமே இல்லை.

அந்தப் படங்கள் எப்படி உருவாயின என்று பாருங்கள். வாஷிங்டனின் படைக்கு நில அளவையராக இருந்த ராபர்ட் எர்ஸ்கின் 1777 ஆகஸ்டில் வாஷிங்டனுக்கு எழுதிய கடிதத்தில் வேலைமுறையைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஓர் அளவையருக்கு ஒரு பிளேன் டேபிள் (தாளை விரித்து அங்கேயே வரையும் பலகை), ஒரு சங்கிலி, பத்து இரும்பு ஊசிகள், ஆறு ஆட்கள். சங்கிலி பிடிக்க இருவர், கருவி சுமக்க ஒருவர், கொடிக்கம்பம் பிடிக்க மூவர். முக்கியச் சாலைகளையும் இறங்கிக் கடக்க முடியாத ஆறுகளையும் மட்டும் கவனமாக அளந்தால் போதும். நடுவில் இருக்கும் மலை, தேவாலயம், வீடு எல்லாவற்றையும் அளந்த இடங்களிலிருந்து கோணம் பார்த்தே குறித்துவிடலாம். இப்படிச் செய்தால் சாலையை அளக்கும் நேரத்திலேயே அதன் இருபுறமும் ஆறு, எட்டு, பத்து மைல் வரை படமாகிவிடும் என்கிறார். ரோஷாம்போவின் ஆட்கள் வேறு படை, வேறு பயிற்சி. அவர்களில் ஒருவரான பெர்த்தியே நில அளவைப் பொறியாளரின் மகன், பிற்பாடு நெப்போலியனின் தலைமைப் படை அலுவலர். ஆனாலும் நடந்துகொண்டே இருக்கும் படைக்கு எந்த நாட்டிலும் இதே நெருக்கடிதான். வயல்வெளி முழுக்கச் சங்கிலி இழுக்க நேரம் கிடையாது.

ஆக, ஒரே தாளில் இரண்டு விதமான நம்பகம் இருக்கிறது. சாலை அளந்தது, மற்றதெல்லாம் பார்த்துக் குறித்தது. உங்கள் நாற்பது புள்ளிகள் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டன.

சாலையிலும் தவறு வரும். ஆனால் ஒவ்வொரு தவறுக்கும் ஒரு முகம் உண்டு. உதாரணத்துக்கு ஆங்கில அளவையர்களின் கன்டர் சங்கிலியை எடுத்துக்கொள்வோம். அது 66 அடி, 100 கண்ணி, மைலுக்கு 80 சங்கிலி. தேய்ந்து தேய்ந்து வளையங்கள் விரிந்து சங்கிலி 3 அங்குலம் நீண்டுவிட்டால் மைலுக்கு 20 அடி குறைவாகக் கணக்கு வரும். இது சாலை நெடுக மெல்ல மெல்லச் சேரும் பிழை. சங்கிலியின் ஒவ்வொரு நீளத்துக்கும் முன்னால் போகிறவர் ஓர் ஊசி குத்துவார், பின்னால் வருபவர் அதை எடுத்து எண்ணுவார். அவர் ஓர் ஊசியை எடுக்க மறந்தால் 66 அடி ஒரே இடத்தில் காணாமல் போகும். பத்து ஊசி முடிந்து கைமாறும்போது அந்தக் கணக்கைக் குறிக்கத் தவறினால் 660 அடி போச்சு. அதற்கப்புறம் வருவதெல்லாம் மொத்தமாக நகர்ந்து நிற்கும். சரிவில் சங்கிலியைக் கிடைமட்டமாகப் பிடிக்காமல் தரையோடு போட்டால் தூரம் கூடும். பலகையைத் திசைப்படுத்துகையில் திசைகாட்டிக்குப் பக்கத்தில் இரும்பு கிடந்தால் பலகை வைத்த அந்த இடத்தில் படத்தில் சாலை ஒடிந்து திரும்பும்.

குன்றுகளின் பிழை வேறு மாதிரி. இரண்டு இடங்களிலிருந்து பார்வைக் கோடு போட்டு, அவை வெட்டும் இடத்தில் குன்றைக் குறிக்கிறார்கள். 90 டிகிரியில் வெட்டினால் நல்லது. 10 டிகிரியில் வெட்டினால் கோணத்தில் விழும் சிறு பிசகு ஏறத்தாழ ஆறு மடங்காகும், குன்று அந்தக் கோட்டின் மேலேயே முன்னும் பின்னும் சறுக்கும். திசை சரியாக இருக்கும், தூரம் தப்பாக இருக்கும். அது எங்கோ போய் நிற்கவில்லை நண்பரே, சாலையின் எந்த இடத்திலிருந்து அதைப் பார்த்தார்கள் என்று உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நீங்கள் ஸ்ப்லைன் போட்டு அதன் வாயை அடைத்துவிட்டீர்கள்!

கூடாரக் கட்டங்களைப் பற்றிச் சுருக்கமாக. அந்தக் காலத்தில் ஒரு பட்டாலியனின் முகாம் முகப்பு, அது போரில் வரிசை கட்டும் நீளத்துக்கு ஏற்ப அமையும். கட்டத்தின் நீளம் காட்டுவது அதைத்தான், அன்று ராத்திரி உள்ளே படுத்திருந்தவர்களின் எண்ணிக்கையை அல்ல. தவிர, 1781 ஜூனில் பிராவிடென்ஸிலிருந்து கிளம்பிய நான்கு ரெஜிமென்ட்டுகள் ஒரு நாள் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. ஒரே மைதானத்தில் அடுத்தடுத்த இரவுகளில் வேறு வேறு ஆட்கள். எண்ணாதீர்கள்.

இனிச் செய்ய வேண்டியது. தாளில் வரைந்திருக்கும் அளவுகோலை முதலில் அளங்கள். தாள் ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும், அதுவும் நீளத்திலும் அகலத்திலும் ஒரே அளவில் அல்ல. நூலகப் பட்டியலில் யாரோ எழுதிவைத்த விகிதத்தை நம்ப வேண்டாம். அலகு துவாஸ் என்ற பழைய பிரெஞ்சு அளவு, ஏறத்தாழ 1.949 மீட்டர். அதன் சிறு பிரிவு லீன். 100 துவாஸுக்கு 6 லீன் என்றிருந்தால் 1:14,400 (ஒரு துவாஸுக்கு 864 லீன்). பிறகு சாலைச் சந்திப்பு, தேவாலயம், பழைய பாலம் என்று சாலையின் மேலேயே பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் மட்டும் எடுங்கள். குன்றில் புள்ளி வைக்காதீர்கள். தூரிகையால் நிழலிட்ட குன்றுக்கு உச்சி எது, அடிவாரம் எது? ஓடையிலும் வேண்டாம், மில் அணைகள் பலவற்றின் போக்கையே மாற்றிவிட்டன. ‘ஹெல்மர்ட்’ உருமாற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். அது நகர்த்தும், திருப்பும், சீராகப் பெரிதாக்கும், அவ்வளவுதான், வளைக்காது. பொருத்திய பிறகும் ஒவ்வொரு புள்ளியிலும் மிஞ்சும் எச்சப் பிழைகள் அம்புக்குறிகளாக வரும். எந்த இடத்தில் திடீரென்று தாவுகின்றன, எங்கே கொஞ்சம் கொஞ்சமாக வளர்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பை அனுப்புங்கள், பார்க்கிறேன். நேராக்கிய படம் எனக்கு வேண்டாம்.